ஒரே டப்பா பெயின்ட், வேலியில் இரண்டு நிறம்: பழைய மரத்தையும் புது மரத்தையும் பொருத்துவது எப்படி?

மழைக்காலம் முடிந்ததும் பல வீடுகளில் நடக்கிற விஷயம் இது. தோட்ட வேலியில் நாலைந்து பலகை இற்றுப் போயிருக்கும். தச்சரைக் கூப்பிட்டு அதை மட்டும் மாற்றுவோம். மாற்றி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் பழைய பலகை சாம்பல், புதுப் பலகை பளிச்சென்று மஞ்சள். "ஒரு கோட் ஸ்டெயின் அடிச்சா எல்லாம் ஒண்ணாயிடும்" என்பார்கள். ஒரே டப்பாவிலிருந்து எடுத்து அடித்தாலும் இரண்டு நிறமாகத்தான் தெரியும். திரும்ப அடிக்கணும்னா கூலியும் பெயின்ட் செலவும் இரண்டு மடங்கு.

திருவனந்தபுரம் ஆரியசாலை மாதிரியான பழைய பகுதிகளில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாகப் போகும் விக்கிரகங்களில் வேளிமலை குமாரசுவாமி தங்குகிற ஆரியசாலைதான் இது. ஊருக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. கடலும் சில கிலோமீட்டர் தூரம்தான். வெயில், மழை, உப்புக்காற்று மூன்றும் மரத்தைச் சும்மா விடாது. வேலி, கேட், முகப்பு அழி என எதில் ஒரு கட்டையை மாற்றினாலும் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும்.

அப்படின்னா என்னதான் செய்யலாம்? நிறத்தைப் பொருத்தும் முன் மரத்தைப் பொருத்த வேண்டும். அது எப்படின்னு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மரம் ஏன் சாம்பலாகிறது?

மரத்தில் முக்கியமாக இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று செல்லுலோஸ், இது நார். இன்னொன்று லிக்னின், இது அந்த நார்களை ஒட்டிவைக்கிற பசை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் லிக்னினை உடைக்கிறது. உடைந்ததை மழை கழுவிக்கொண்டு போகிறது. மேலே மிஞ்சுவது வெளிறிய நார். அதன் மேல் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும்போது நமக்குத் தெரிவதுதான் அந்தச் சாம்பல் நிறம்.

வீட்டுக்குள் இருக்கும் மரம் அப்படி ஆவதில்லை. மழை படாத தேக்கு உத்தரமும் பலாக் கதவும் வயதாக ஆகக் கருஞ்சிவப்பாகத்தான் மாறும். அதனால "பழைய மரம்" என்பது ஒரே நிறம் இல்லை. மழை பட்ட பழசு வேறு, நிழலில் இருந்த பழசு வேறு. ஒரே வேலியில்கூட ரோட்டுப் பக்கம் சாம்பலாகவும், கொடி படர்ந்த பக்கம் பழுப்பாகவும் இருக்கலாம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்தச் சாம்பல் மேல்தோல்தான். அமெரிக்காவின் மேடிசன் நகரில் உள்ள வனப்பொருள் ஆய்வகத்தின் கணக்குப்படி, ஊசியிலை மரங்கள் வெயில் மழையில் 100 ஆண்டு நின்றால் தேய்வது சுமார் 6 மில்லிமீட்டர். கெட்டி மரங்கள் அதிலும் குறைவாகவே தேயும். இற்றுப்போகாத பலகையாக இருந்தால், அந்தச் சாம்பல் தோலுக்குக் கீழே நல்ல மரம் அப்படியே இருக்கும்.

ஒரே ஸ்டெயின், ஏன் இரண்டு நிறம்?

ஸ்டெயின் என்பது மரத்துக்குள் ஊறும் சாயம். அடியில் உள்ள மரத்தின் நிறமும் அதன் வழியாகத் தெரியும். சாம்பல் மேல் அடித்த பழுப்பும் மஞ்சள் மேல் அடித்த பழுப்பும் ஒன்றாகவே இருக்க முடியாது.

இன்னொரு காரணம், பழைய மரம் பஞ்சு மாதிரி. வெடிப்பும் நார்பிரிவும் இருப்பதால் சாயத்தை நிறையக் குடித்து அடர்த்தியாகிவிடும். இழைப்புளி போட்ட புதுப் பலகை வழவழப்பாக இருக்கும், குறைவாகத்தான் குடிக்கும். கடையில் கம்ப்யூட்டர் மெஷினில் துல்லியமாகக் கலந்து வாங்கினாலும் இந்த வித்தியாசம் போகாது. மெஷின் பார்ப்பது நிறத்தை மட்டும்தான். உங்கள் பலகை எவ்வளவு குடிக்கும் என்று அதற்குத் தெரியாது.

மூன்று வழிதான் உண்டு

பழசைப் புதுசு மாதிரி ஆக்கலாம். புதுசைப் பழசு மாதிரி ஆக்கலாம். இல்லையென்றால் இரண்டையும் மூடிவிடலாம். எந்த வழி என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்க. பாதியில் மாற்றினால் செய்த வேலை வீண்.

வழி 1: பழசைக் கழுவிப் புதுசாக்குவது

மரம் கெட்டியாக இருந்து, மேலே பெயின்ட் எதுவும் இல்லாமல் வெறுமனே நரைத்திருந்தால் இது நல்ல வழி.

முதலில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர், அல்லது சோடியம் பெர்கார்பனேட் கரைசல். மென்மையான நார் பிரஷ்ஷால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்துக் கழுவுங்க. கம்பி பிரஷ் வேண்டாம். அதிலிருந்து உதிரும் இரும்புத் தூள் பிறகு கறுப்புப் புள்ளியாக வரும். பிரஷர் வாஷரை மிக நெருக்கத்தில் பிடித்தால் நார் பிய்ந்துவிடும்.

கழுவிய பிறகும் கறை போகவில்லை என்றால் அடுத்தது ஆக்ஸாலிக் அமிலம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 50 கிராம் போதும். ஆணியிலிருந்து வடிந்த கறுப்புக் கோடுகளை எடுப்பதில் இது கெட்டி. கால் மணி நேரம் ஊறவிட்டு, தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. ஆக்ஸாலிக் அமிலம் விஷம். கையுறையும் கண்ணாடியும் போடாமல் தொடாதீங்க, குழந்தைகளை அருகில் விடாதீங்க. இன்னொன்று, பிளீச்சிங் பவுடரையும் அமிலத்தையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு வரும், அது நுரையீரலைத் தாக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய வேலி என்றால் நன்றாக அலசி, வேறொரு நாளில்தான் அமிலம்.

மரம் காய்ந்ததும் உப்புத்தாள் லேசாகப் போட்டால் சாம்பல் போய்ப் பழுப்பு தெரியும். இப்போது பழையதும் புதியதும் நெருங்கி வந்திருக்கும். இதற்கு மேல் பாதி தெரியும்படியான ஸ்டெயின் அடிக்கலாம். பழைய பலகை அதிகம் குடிக்கும் என்பதால் அதற்கு ஒரு கோட், புதுசுக்கு இரண்டு கோட் என்று பல இடங்களில் தேவைப்படும். உங்கள் வேலிக்கு எத்தனை கோட் என்பது சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

வழி 2: புதுசை நரைக்க வைப்பது

அந்தச் சாம்பல் நிறமே பிடித்திருக்கிறது, பழைய வேலியைத் தொட மனமில்லை. அப்போ புதுப் பலகையைத்தான் மாற்ற வேண்டும்.

சும்மா விட்டால் மரம் தானாக நரைக்கும். ஆனா ஓரிரு வருடம் ஆகலாம், அதுவும் சீராக ஆகாது. இதைச் சீக்கிரப்படுத்த நாட்டு மருந்துக் கடைச் சரக்கு இரண்டு போதும். கடுக்காய், அன்னபேதி. ஆரியசாலைக்காரர்கள் இதற்காக ரொம்ப தூரம் போக வேண்டாம், பக்கத்திலேயே சாலைக் கம்போளம் இருக்கிறது.

இது எப்படி வேலை செய்கிறது? கடுக்காயில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய உண்டு. அன்னபேதி என்பது இரும்பு உப்பு, அதாவது அயர்ன் சல்பேட். டானினும் இரும்பும் சேர்ந்தால் கருநீலச் சாம்பல் நிறம் பிறக்கும். பழைய காலத்தில் எழுத மை செய்ததும் இந்த முறையில்தான். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு போடுவதும் இதே ரசாயனம்தான். கடுக்காய்ப் பாலில் நனைத்த துணி, அதன் மேல் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுத்த கரைசல்.

சுவீடன், நார்வே நாடுகளிலும் இதற்கு நெருங்கிய பழக்கம் உண்டு. புது மர வீட்டின் சுவரில் அயர்ன் சல்பேட் கரைசலை அடித்துவிடுவார்கள். வெயில் படும் பக்கம், படாத பக்கம் எல்லாம் ஒரே சீராக நரைக்கும்.

செய்முறை எளிது. 50 கிராம் கடுக்காய்த் தூளை ஒரு லிட்டர் வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டுங்க. புதுப் பலகையில் அடித்துக் காயவிடுங்க. மறுநாள் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 முதல் 10 கிராம் அன்னபேதி கரைத்து அதன் மேல் அடிங்க. சில நிமிடத்தில் நிறம் மாறத் தொடங்கும். போதவில்லை என்றால் இன்னொரு கோட் அடித்துக்கொள்ளலாம். ஆனா ஒரேயடியாகக் கறுத்துவிட்டால் திரும்ப எடுப்பது கஷ்டம். அதனால நீர்த்த கரைசலில் ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம்.

தேக்கிலும், மலையாளத்தில் ஆஞ்ஞிலி எனப்படும் அயனியிலும் நிறம் தரும் பொருள்கள் இயல்பிலேயே உண்டு. முதலில் கடுக்காய் இல்லாமல், அன்னபேதி மட்டும் ஒரு துண்டில் அடித்துப் பாருங்க. பச்சைப் படிகமாக இருக்கும் அன்னபேதியை வாங்குங்க. பழுப்பேறியது காற்றுப் பட்டு வீரியம் குறைந்தது.

கவனம்: இந்தக் கரைசல் சுவரிலும் சிமென்ட் தரையிலும் பட்டால் துருக்கறை விழும், போகாது. கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்துவிட்டு அடிக்கணும். இது நிறத்தை மட்டும்தான் மாற்றும், மரத்தைப் பாதுகாக்காது. உளுத்துப்போகும் மட்டமான மரத்துக்கு இந்த வழி சரிவராது.

வழி 3: இரண்டையும் மூடிவிடுவது

பழைய வேலியில் ஏற்கெனவே பெயின்ட் இருந்தால் பெரும்பாலும் இதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். அடிமரம் தெரியாத பெயின்ட்டோ முழு அடர்த்தி ஸ்டெயினோ அடித்தால் பழசு புதுசு வித்தியாசம் மறையும். நிறமிகள் அதிகம் இருப்பதால் புற ஊதாக் கதிரையும் இது நன்றாகத் தடுக்கும். நிறமே இல்லாத வார்னிஷ் வெளி வேலைக்குச் சீக்கிரம் உரியும். வெயில் அதைத் தாண்டி மரத்தையே தாக்கி, பிடிமானத்தை அடியிலிருந்து அறுத்துவிடும்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. பலா, அயனி, தேக்கு மூன்றும் சாயம் கக்கும். வெள்ளையோ இளமஞ்சளோ அடித்தால் சில வாரத்தில் பழுப்புக் கறை மேலே வரும். பலாக் கட்டையை வேகவைத்து எடுத்த மஞ்சளில்தான் புத்த பிக்குகளின் உடைக்குச் சாயம் போடுவது பழைய வழக்கம். அவ்வளவு சாயம் உள்ள மரம் அது. கறையைத் தடுக்கும் பிரைமர் ஒரு கோட் அடித்துவிட்டுத்தான் மேல் பெயின்ட்.

இந்த வழியில் புதுப் பலகையை "கொஞ்ச நாள் காயட்டும்" என்று மாதக்கணக்கில் வெயிலில் நிறுத்தாதீங்க. பூச்சில்லாமல் சில வாரம் வெயில் பட்டாலே பெயின்ட்டின் பிடிமானம் குறையத் தொடங்கும். காயவைக்க வேண்டுமென்றால் நிழலில் அடுக்கிக் காயவைங்க.

பழைய பெயின்ட்டைச் சுரண்டும் முன் இதைப் படிங்க

நிறம் சரியாக வரவில்லை என்றால் திரும்ப அடித்துக்கொள்ளலாம். இது அப்படியில்லை. பழைய எனாமல் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம்.

இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம், அதாவது 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016 நவம்பர் 1-ம் தேதி அறிவிக்கப்பட்டது. 2017 நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட்டில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. மஞ்சள், சிவப்பு, பச்சை போன்ற பளிச் நிறங்களில் வாய்ப்பு அதிகம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதனால பழைய பெயின்ட்டை உலர்வாக உப்புத்தாள் போடுவது கூடாது, மெஷின் சாண்டரும் கூடாது. தீ காட்டி உரிக்கவும் கூடாது. தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துக்கொண்டு, உரிந்து நிற்பதை மட்டும் சுரண்டுங்க. நன்றாக ஒட்டியிருக்கும் பெயின்ட்டை விட்டுவிட்டு அதன் மேலேயே அடிப்பதுதான் பாதுகாப்பு. கீழே ஷீட் விரித்து, விழுந்த சக்கையை அப்படியே சுருட்டி எடுங்க. எரிக்காதீங்க. கிணற்றுப் பக்கமோ கீரைப் பாத்திப் பக்கமோ தூசி போகவிடாதீங்க. பெயின்டருக்கு என்95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்க. அன்றைய துணியைத் தனியாகத் துவைக்கச் சொல்லுங்க.

வேலி என்ன மரம், மேலே என்ன இருக்கிறது?

பெயின்ட் வாங்கும் முன் பழைய பலகையில் தண்ணீர் தெளித்துப் பாருங்க. சில நிமிடத்தில் உறிஞ்சினால் ஸ்டெயின் ஊறும். முத்து முத்தாக உருண்டால் மேலே எண்ணெயோ வார்னிஷோ இருக்கிறது. கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயை மரத்துக்கும் வள்ளத்துக்கும் பூசும் பழக்கம் உண்டு. அது பூசிய வேலியில் ஸ்டெயின் ஊறாது. அந்த எண்ணெய் பச்சையாகத் தோலில் பட்டால் கொப்புளிக்கும் என்பதையும் நினைவில் வைங்க.

புதுப் பலகை வாங்கும்போது முடிந்தவரை அதே மரத்தை வாங்குங்க. விலை குறைவு என்று ரப்பர் மரம் எடுத்தால் வெளி வேலைக்கு நிற்காது. அதைப் பூச்சியிலிருந்து காக்க ஏற்றுகிற போரான் மருந்து மழையில் கரைந்து போய்விடும்.

ஆணியையும் கவனிங்க. சாதாரண இரும்பாணி அடித்தால், கடுக்காய்க்கும் அன்னபேதிக்கும் நடந்த அதே ரசாயனம் உங்கள் அனுமதி இல்லாமலே நடக்கும். ஒவ்வொரு ஆணிக்குக் கீழேயும் கறுப்புக் கோடு வடியும். கடற்காற்று உள்ள ஊரில் இன்னும் சீக்கிரம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணியோ ஸ்க்ரூவோ போடுங்க.

எப்போது அடிக்கலாம்?

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் தேதி ஜூன் 1. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு மழை. இடையில் கிடைப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. வேலி வேலைக்குத் திருவனந்தபுரத்தில் அதுதான் காலம். ஏப்ரல், மே மாதங்களில் சாயங்கால இடிமழை வரும்.

கழுவிய பின் குறைந்தது இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயட்டும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரமானி இல்லாவிட்டால் தண்ணீர் தெளிக்கும் சோதனையை நம்பலாம். காலையில் பனி காய்ந்த பிறகு ஆரம்பித்து, நேரடி வெயில் விழாத பக்கமாகப் பார்த்து அடித்துக்கொண்டே போகணும். பின் மதியத்துக்கு மேல் புது கோட் வேண்டாம்.

அடிக்கும்போது

வெட்டின புதுப் பலகையில் மிஞ்சின துண்டுகளைத் தச்சர் தூக்கிப் போட விடாதீங்க, அதில்தான் சோதனை. பழசுக்கு வேலியின் பின்பக்கம் ஒரு சாண் இடம் போதும். அடித்து இரண்டு நாள் கழித்து, காலை வெளிச்சத்திலும் மாலை வெளிச்சத்திலும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்பாதீங்க.

புதுப் பலகையின் வழவழப்பை 80-ம் நம்பர் உப்புத்தாள் போட்டு உடைத்துவிட்டு அடிங்க. தேக்கில் எண்ணெய்ப் பசை இருக்கும், தின்னர் நனைத்த துணியால் ஒரு முறை துடைக்கணும்.

இரண்டு மூன்று டப்பா வாங்கியிருந்தால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிடுங்க. டப்பாவுக்கு டப்பா சின்ன வித்தியாசம் இருக்கும். ஒரு பலகையைத் தொடங்கினால் மேலிருந்து கீழ் வரை ஒரே மூச்சில் முடிக்கணும். நடுவில் நிறுத்தினால் கோடு விழும். பலகையின் வெட்டுமுனைதான் தண்ணீரை அதிகம் குடிக்கும் இடம், அதற்கு ஒரு கோட் கூடுதல். அடிமுனை மண்ணைத் தொடாமல் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் கறையானும் ஈரமும் அவ்வளவு சீக்கிரம் ஏறாது.

செலவே இல்லாத ஒரு வழியும் உண்டு. ரோட்டுப் பக்கப் பலகை போய்விட்டால், புதுசை அங்கே போடாமல் வீட்டின் பின்பக்கத்திலிருந்து பழைய பலகையைக் கழற்றி முன்னால் போடுங்க. புதுசைப் பின்னால் போடுங்க. முன்பக்கம் எல்லாம் ஒரே வயதாக இருக்கும், பின்பக்கம் மெதுவாக நரைக்கட்டும்.

சுருக்கமா, உங்களுக்கு எது?

பழைய வேலியில் பெயின்ட் இல்லை, மரம் கெட்டி, பழுப்பு நிறம் வேண்டும் என்றால் வழி 1. சாம்பல் நிறம் அப்படியே வேண்டும், புதுசும் தேக்கு, அயனி, பலா மாதிரி நல்ல மரம் என்றால் வழி 2. பழைய பெயின்ட் இருக்கிறது, அல்லது மரம் வெவ்வேறு என்றால் வழி 3.

பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கப்பட்ட தெருவில் உங்கள் வீடு இருந்தால், முகப்பின் நிறத்தையோ அமைப்பையோ மாற்றும் முன் மாநகராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்க. பழைய பலகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஸ்க்ரூ டிரைவர் முனை சுலபமாக உள்ளே இறங்கினால், நிறத்தைப் பற்றிக் கவலைப்படாதீங்க. அந்த வேலிக்குத் தேவை பெயின்டர் இல்லை, தச்சர்.